மாடு ஒதுக்கும் மெஷின் வைக்கோல்: யூரியா போடலாமா, நறுக்கலாமா, சைலேஜ் ஆகுமா?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு மன்னார்குடிப் பக்கம் 3 ஏக்கர் நெல். கொட்டகையில் 4 ஜெர்சி கலப்பின உருப்படிகள்: நாளுக்கு 10 லிட்டர் கறக்கும் பசு ஒன்று, 5 லிட்டர் கறப்பது ஒன்று, வற்றிய சினைமாடு ஒன்று, ஒன்றரை வயதுக் கிடாரி ஒன்று. மெஷினில் அறுத்துக் கட்டிய வைக்கோலில் பாதியைத் தின்றுவிட்டு மீதியைக் காலில் போட்டு மிதிக்கின்றன. யூரியா போட்டால் சத்து கூடும் என்கிறார் ஒருவர், மாடு செத்துவிடும் என்கிறார் இன்னொருவர். சாப் கட்டர் என்ற தீனி நறுக்கும் மெஷின் வாங்கலாமா, வைக்கோலையே சைலேஜ் (காற்றில்லாமல் அடைத்துப் புளிக்கவைத்த தீனி) போட்டுவிடலாமா என்பவை மற்ற இரண்டு கேள்விகள்.

பதில் இதுதான். யூரியா போடலாம், ஆனால் 4 உருப்படிக்கும் சேர்த்து அல்ல. சாப் கட்டர் வாங்கலாம். ஆனால் வைக்கோலுக்காக அல்ல. காய்ந்த வைக்கோல் சைலேஜ் ஆகாது. ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்றதை நீங்களே முடிவு செய்துவிடலாம். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன்.

வைக்கோல் ஏன் ஏழைத் தீனி என்பதில் இருந்து தொடங்குவோம். நெல் முற்றும்போது இலையிலும் தண்டிலும் இருந்த புரதமும் சர்க்கரையும் கதிருக்குப் போய்விடுகின்றன. பின்னால் நிற்பது பெரும்பாலும் நார். அதில் புரதம் 3 முதல் 4 சதவீதம்தான். நாரிலும் ஆற்றல் இல்லாமல் இல்லை. மாட்டுக்கு அது எட்டாமல் லிக்னின் என்ற மரப்பொருள் பூட்டி வைத்திருக்கிறது. நெல் வைக்கோலுக்கு இன்னொரு பூட்டும் உண்டு, சிலிக்கா. மற்ற எந்தத் தானியத் தட்டையையும்விட இதில் அது அதிகம், 10 சதவீதத்துக்கு மேலேயே இருக்கும். நெல் இலை கையை அறுப்பது அதனால்தான். போதாக்குறைக்கு ஆக்சலேட் இருக்கிறது. அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மாட்டின் உடம்பில் சேரவிடாது.

நெல்லில் ஒரு விசித்திரமும் உண்டு. சோளத்திலும் மக்காச்சோளத்திலும் இலைதான் நல்ல தீனி, தண்டு மட்டம். நெல்லில் சிலிக்கா இலையில்தான் கூடுதலாகச் சேர்கிறது. அதனால் பல ரகங்களில் தண்டு இலையைவிட நன்றாகச் செரிக்கிறது. கையறுப்பு இருந்த காலத்தில் தரையோடு ஒட்ட அறுத்தார்கள், அடித்தண்டும் வைக்கோல்போருக்கு வந்தது. இன்றைக்குச் செயின் வண்டி என்ற அறுவடை மெஷின் முழங்கால் உயரத்துக்குத் தாளை விட்டுவிட்டு மேல்பாதியை மட்டும் வாரிக்கொண்டு போகிறது. மாட்டுக்கு உதவும் பகுதி வயலிலேயே நிற்க, சிலிக்கா மிகுந்த இலைப்பகுதிதான் உங்கள் கட்டுக்குள் வருகிறது. அந்தக் காலத்து வைக்கோல் மாதிரி இல்லை என்று பெரியவர்கள் சொல்வதை வெறும் ஏக்கம் என்று தள்ளிவிடாதீர்கள்.

பிணையல் ஓட்டியதையும் இங்கே நினைக்க வேண்டும். கதிர் அடித்த பிறகு தாளைக் களத்தில் பரப்பி மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி மிதிக்க விட்டது, ஒட்டியிருந்த நெல்லை உதிர்க்கத்தான். ஆனால் அந்த மிதியில் தண்டு நசுங்கிப் பட்டுப்போல ஆகிவிடும். பிறகு களத்திலேயே காய்ந்து, உதறி, போராக ஏறும். இப்போது மெஷின் விட்ட வைக்கோல் இரண்டு மூன்று நாள் பனியில் நனைந்து, சேற்றைப் பூசிக்கொண்டு, பேலர் என்ற கட்டும் மெஷினில் இறுக்கிச் சுருட்டப்படுகிறது. நடுவில் ஈரம் இருந்தால் உள்ளுக்குள் வெந்து பூசணம் பிடிக்கும். உங்கள் மாடு ஒதுக்குவதற்கு முதல் காரணம் சத்துக் குறைவு அல்ல, மண்ணும் வாடையும். ஆகவே எந்த மருந்துக்கும் முன்னால் ஒரு கட்டைப் பிரித்து உதறிப் பாருங்கள். தூசி பறக்கிறதா, நடுவில் சாம்பல் நிறம் தெரிகிறதா, கையில் எடுத்து முகர்ந்தால் பழைய சாக்கு வாடை வருகிறதா? வந்தால் அந்தப் பகுதி குப்பைக்குழிக்கு. மாட்டுக்கு வேண்டாம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. பூசணம் பிடித்த நெல் வைக்கோலைத் தின்னும் எருமைகளுக்கும் மாடுகளுக்கும் வால் நுனியும் காது நுனியும் கருத்து, உலர்ந்து, கடைசியில் அறுந்து விழும் நோய் ஒன்று உண்டு. பஞ்சாப் பக்கம் டெக்நாலா நோய் என்பார்கள். காரணம் ஃபியூசேரியம் வகைப் பூசணம் விடும் நஞ்சு. குளம்புக்கு மேலேயும் புண் வரும். கெட்ட வைக்கோலை எந்தப் பக்குவமும் நல்ல வைக்கோலாக்காது.

சரி, நல்ல வைக்கோல்தான் என்று வைத்துக்கொள்வோம். நாம் தீனி போடுவது மாட்டுக்கு இல்லை, அதன் முதல் வயிற்றில் கோடிக்கணக்கில் வாழும் நுண்ணுயிர்களுக்கு. நாரை உடைத்து மாட்டுக்கு ஆற்றலாக மாற்றுவது அவைதான். அவை பெருக நைட்ரஜன் வேண்டும். மொத்தத் தீனியில் புரதம் ஏறத்தாழ 7 சதவீதத்துக்குக் கீழே போனால் அவை சோர்ந்துவிடும். தின்ற வைக்கோல் வயிற்றிலேயே கிடக்கும், இடம் காலியாகாது, மாடும் மேற்கொண்டு தின்னாது. வயிறு பெரிதாக, முதுகெலும்பு தெரிய நிற்கும் வைக்கோல் மாட்டைப் பார்த்திருப்பீர்கள். அது வயிறு நிறையப் பட்டினி கிடக்கிற மாடு.

யூரியா இங்கேதான் வேலை செய்கிறது, அதுவும் இரண்டு வேலை. ஈரமான வைக்கோலில் யூரியாவைத் தெளித்துக் காற்றுப் புகாமல் மூடிவைத்தால், வைக்கோலில் இயல்பாகவே இருக்கும் பாக்டீரியாக்களின் யூரியேஸ் நொதி அதை அமோனியாவாக உடைக்கும். அந்த அமோனியா காரமானது, அதாவது அமிலத்துக்கு எதிரான தன்மை கொண்டது. லிக்னினுக்கும் நாருக்கும் நடுவே உள்ள பிணைப்புகளைத் தளர்த்தி, நாரை ஊதவைத்து, நுண்ணுயிர் உள்ளே நுழைய வழி விடும். கொஞ்சம் அமோனியா வைக்கோலிலேயே தங்கி நைட்ரஜன் உணவாகவும் ஆகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியா. யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன், அதாவது 1.84 கிலோ. புரதக் கணக்குக்கு 6.25 ஆல் பெருக்கினால் 11.5 கிலோ. வைக்கோலின் சொந்தப் புரதத்தோடு சேர்த்தால் 15 சதவீதம் வர வேண்டும். வராது. திறக்கும்போது பாதிக்கு மேல் ஆவியாகப் போய்விடும். சோதனையில் 7, 8 சதவீதம்தான் காட்டும். அது நட்டம் இல்லை. போன அமோனியா நாரைத் தளர்த்தும் வேலையை முடித்துவிட்டுத்தான் போகிறது. இந்த 7, 8 சதவீதமே நுண்ணுயிர்களுக்குப் போதுமான அளவு. மாடு தின்னும் அளவும் கூடும், தின்றதில் செரிப்பதும் கூடும். இரண்டும் சேர்வதால்தான் பலன் கண்ணுக்குத் தெரிகிறது.

காரம் போட்டு வைக்கோலை இளக்குவது புதிய யோசனையும் அல்ல. முதல் உலகப் போர்க்காலத்தில் ஜெர்மனியில் தீவனப் பஞ்சம் வந்தபோது எர்ன்ஸ்ட் பெக்மன் என்ற வேதியியலார் காஸ்டிக் சோடாக் கரைசலில் வைக்கோலை ஊறவைத்துக் கழுவிப் போடும் முறையைக் கொண்டுவந்தார். வேலை செய்தது, ஆனால் கழுவ ஆறு மாதிரித் தண்ணீர் வேண்டும், கழுவும்போது சத்தும் ஓடும். யூரியா கழுவ வேண்டாதது, எந்த உரக்கடையிலும் கிடைப்பது. 1980-களில் இலங்கையிலும் இந்தியாவிலும் நெதர்லாந்து ஒத்துழைப்போடு இதை நிறையச் சோதித்துப் பார்த்தார்கள். பலன் உண்டு என்பது அப்போதே தெரிந்த விஷயம். ஆனாலும் ஊருக்குள் பெரிதாகப் பரவவில்லை. அதற்குக் காரணம் பின்னால் சொல்கிறேன்.

செய்முறைக்கு வருவோம். புத்தகத்தில் 100 கிலோ வைக்கோல், 4 கிலோ யூரியா, 50 முதல் 65 லிட்டர் தண்ணீர் என்று இருக்கும். களத்தில் நின்றுகொண்டு இதைப் பங்கு போடுவது தலைவேதனை. நான் ஒரு பூவாளியை அளவாக வைத்துக்கொள்வேன். பேலர் கட்டில் நான்கைந்தை எடைபோட்டுப் பாருங்கள். கட்டு 20 கிலோ வாக்கில் இருந்தால், ஒரு கட்டுக்கு ஒரு பூவாளி: 12 லிட்டர் தண்ணீர், 800 கிராம் யூரியா. உங்கள் கட்டு 15 கிலோ என்றால் 600 கிராம், 9 லிட்டர். யூரியாவைக் கடையிலேயே எடைபோட்டுச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வாங்கி வந்தால் சண்டையே இல்லை. 45 கிலோ மூட்டையின் மானிய விலை 270 ரூபாய்க்குள்தான், ஆகவே 100 கிலோ வைக்கோலுக்கு யூரியாச் செலவு 25 ரூபாய் பக்கம். ஆள்கூலிதான் செலவு.

கொட்டகையின் ஒரு மூலை போதும், இரண்டு பக்கம் சுவர் இருந்தால் நல்லது. தரையில் பழைய தார்ப்பாய் விரித்து, ஒரு கட்டைப் பிரித்து உதறி ஒரு சாண் உயரத்துக்குப் பரப்புங்கள். யூரியா துளிகூடக் கட்டியில்லாமல் கரைய வேண்டும். குச்சியால் கலக்கினால் பூவாளி கையில் சில்லென்று இருக்கும், யூரியா கரையும்போது தண்ணீர் குளிரும். அதைச் சீராகத் தெளித்து, இரண்டு பேர் ஏறி நின்று மிதியுங்கள். ஓரங்களை நன்றாக மிதிக்க வேண்டும், காற்று அங்கேதான் ஒளிந்திருக்கும். மேலே அடுத்த கட்டு, அடுத்த பூவாளி. பிணையல் மாடு செய்த வேலையை இப்போது நீங்கள் செய்கிறீர்கள், அவ்வளவுதான். முடிந்ததும் பாலித்தீன் தாளால் மூடி ஓரத்தில் மண் அணைத்து, மேலே பழைய டயரோ மணல் மூட்டையோ வையுங்கள். எங்காவது கண்ணெரியும் வாடை வந்தால் அந்த இடத்தில் ஓட்டை இருக்கிறது, அடைத்துவிடுங்கள். நம் வெயிலுக்கு 21 நாள் போதும். அதற்கு மேல் மூடியே இருந்தாலும் கெடாது.

யூரியா கூடப் போட்டால் சத்து கூடும் என்று 6 கிலோ, 7 கிலோ போடுகிறவர்கள் உண்டு. கூடாது. உடையாத யூரியா வைக்கோலிலேயே தங்கினால் அதுதான் ஆபத்து. தண்ணீரைக் குறைப்பதும் தப்பு, ஈரம் போதாவிட்டால் நொதி வேலை செய்யாது.

22-ஆம் நாள் ஒரு பக்கத்தை மட்டும் திறங்கள். முகத்தை நேராகக் கொண்டுபோகாதீர்கள், கண் எரிந்து நீர் கொட்டும். நல்லபடி வந்திருந்தால் வைக்கோல் வெளிறிய மஞ்சளில் இருந்து பொன்பழுப்பாக மாறியிருக்கும், கையில் மெத்தென்று இருக்கும், முறுக்கினால் ஒடியாமல் வளையும். ஓரத்தில் வெள்ளையோ கருப்போ பூசணம் இருந்தால் அந்தப் பகுதியை மட்டும் எடுத்துப் போட்டுவிடலாம். அன்றன்றைக்கு வேண்டியதை எடுத்து ஒன்றிரண்டு மணி நேரம் நிழலில் பரப்பி, குத்துகிற வாடை அடங்கியதும் போடுங்கள். மீதியைத் திரும்ப மூடிவிடுங்கள். முதல் நாள் ஒரு கிலோ, சாதா வைக்கோலோடு கலந்து. ஒரு வாரம் பத்து நாளில் முழு அளவுக்கு வரலாம். 6 மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு வேண்டவே வேண்டாம், அதற்கு இன்னும் அசைபோடும் வயிறு தேறவில்லை. எடையிலும் ஒரு கண் வையுங்கள்: இது தண்ணீர் சேர்ந்த வைக்கோல், 8 கிலோ அள்ளிப் போட்டால்தான் 5 கிலோ காய்ந்த வைக்கோல் போட்டதாகக் கணக்கு.

மாடு சாகுமா என்ற கேள்விக்கு வருகிறேன். இந்த முறையில் பக்குவப்படுத்திய வைக்கோலைத் தின்று மாடு செத்து நான் பார்த்ததில்லை. ஆனால் யூரியாவால் மாடு செத்ததைப் பார்த்திருக்கிறேன், அதில் என் பங்கும் உண்டு. பல வருடம் முன்னால் ஒரு ஊரில் இதைச் செய்துகாட்டப் போயிருந்தேன். பாதி வேலையில் வீட்டுக்காரம்மா காபி கொண்டுவந்தார். கரைத்து வைத்திருந்த வாளியைக் கொட்டகை ஓரம் வைத்துவிட்டு எல்லோரும் திண்ணைக்குப் போனோம். திரும்பி வரும்போது பக்கத்தில் கட்டியிருந்த பசு வாளியைக் காலி செய்திருந்தது. முதலில் உடம்பு நடுங்கியது, பிறகு வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி, மூச்சு வாங்கி விழுந்தது. வினிகருக்கு ஆள் அனுப்பி அவர் டவுனில் இருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றிலிருந்து எங்கே போனாலும் என் பையில் வினிகர் பாட்டில்கள் இருக்கும், கரைத்த வாளியை விட்டு ஒரு அடி நகரமாட்டேன்.

ஆபத்து அந்த வாளியில்தான், அந்த மூட்டையில்தான். கலந்து மூடிய வைக்கோலில் இல்லை. இந்த வேலை செய்யும்போது மாடுகளை வேறு இடத்தில் கட்டுங்கள். அப்படியும் ஏதாவது நடந்துவிட்டால் மருத்துவரை அழைத்தபடியே, வளர்ந்த மாட்டுக்கு 2 முதல் 4 லிட்டர் வினிகரைக் குளிர்ந்த தண்ணீர் நிறையச் சேர்த்து மெதுவாகக் கொடுக்க வேண்டும். புளிப்பும் குளிர்ச்சியும் அமோனியா உண்டாகி ரத்தத்தில் ஏறுவதைக் குறைக்கும். படுத்துவிட்ட மாட்டுக்கு வாயில் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போய்விடும்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. யூரியாப் பக்குவம் சத்தில்லாத காய்ந்த வைக்கோலுக்கும் தட்டைக்கும் மட்டும். பச்சைச் சோளம், கரும்புக் கொழுந்தாடை மாதிரிச் சர்க்கரைச் சத்து மிகுந்ததை இப்படி அமோனியாவில் போட்டால், சர்க்கரையும் அமோனியாவும் சேர்ந்து நரம்பைத் தாக்கும் ஒரு பொருள் உண்டாகலாம். அதைத் தின்ற மாடு வெறிபிடித்தாற்போலச் சுற்றி ஓடி முட்டிக்கொள்ளும். அதன் பாலைக் குடித்த கன்றுக்கும் வரும். இருப்பதிலேயே மட்டமான தீனிக்குத்தான் இந்த மருந்து.

உங்கள் பகுதிக்கு இது உண்மையில் எப்போது கைகொடுக்கும் என்று கேட்டால், குறுவை அறுப்பில் என்பேன். சம்பா, தாளடி வைக்கோல் தை மாசியில் வெயிலில் காய்ந்து வருகிறது, அதை அப்படியே போர் போட்டு வைக்கலாம். குறுவை அறுப்பதோ புரட்டாசி ஐப்பசியில், மழை தலைமேல் நிற்கும்போது. அந்த வைக்கோல் காயாது, கட்டினால் பூசணம் பிடிக்கும், கடைசியில் பாதி வயலிலேயே மக்கிப் போகும். அந்த ஈர வைக்கோலைக் காயவைக்கப் போராடாமல், கொண்டுவந்த அன்றைக்கே யூரியா போட்டு மூடிவிடுங்கள். அமோனியா பூசணத்தை வளரவிடாது. ஈரம் ஏற்கெனவே இருப்பதால் தண்ணீர் தூக்கும் வேலையும் மிச்சம், யூரியா கரையும் அளவுக்குக் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் போதும். கணக்கில் மட்டும் ஏமாறக் கூடாது: 4 கிலோ என்பது 100 கிலோ காய்ந்த வைக்கோலுக்கு. பாதி ஈரம் உள்ள 100 கிலோவில் இருப்பது 50 கிலோ வைக்கோல்தான், அதற்கு 2 கிலோ. டெல்டாவில் இந்த முறைக்கு இதைவிட நல்ல பயன் எனக்குத் தெரியவில்லை. ஆனால் காய்ந்த நல்ல வைக்கோலை வைத்தே செய்துகாட்டுவதைத்தான் எங்கும் பார்க்கிறேன்.

நறுக்குவதைப் பற்றி. சாப் கட்டரில் நறுக்கினால் சத்து கூடும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். ஒரு துளியும் கூடாது. நறுக்குவதால் வீண் குறையும், ஒதுக்கித் தின்னும் பழக்கம் நிற்கும், பச்சையோடும் தவிட்டோடும் கலக்க வசதியாக இருக்கும். இந்தப் பலன் தீனியின் தடிமனைப் பொறுத்தது. சோளத்தட்டையையும் மக்காச்சோளத் தட்டையையும் முழுசாகப் போட்டால் இலையை உருவித் தின்றுவிட்டுத் தண்டைப் போட்டுவிடும். அங்கே நறுக்கினால் கைமேல் பலன். நெல் வைக்கோல் மெலிசானது, மாடு முழுசாகவே மென்றுவிடும். நீங்கள் கோ-4, கோ-5 மாதிரிக் கம்பு நேப்பியர் புல் வைத்திருந்தால் அதன் தடித்த தண்டுக்காக 2 ஹெச்.பி. மோட்டார் வைத்த கட்டர் வாங்கலாம், வைக்கோலும் கூடவே நறுங்கிவிட்டுப் போகட்டும். துண்டு ஒன்று, ஒன்றரை அங்குலம் இருக்கட்டும். பொடிப்பொடியாக்கினால் தீனி வயிற்றில் தங்காமல் சீக்கிரம் கடந்துவிடும், செரிமானமும் குறையும், பாலில் கொழுப்பும் இறங்கும். வைக்கோலை மாவாக அரைத்துப் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். மின்சாரத்தைச் செலவழித்துப் பாலைக் குறைக்கிறார்கள்.

வீண் குறைய மெஷின்கூட வேண்டாம். தரையில் போடாமல் தொட்டியில் போடுங்கள். போடும் முன் உதறி, ஒரு கைப்பிடி உப்புக் கரைத்த தண்ணீர் தெளியுங்கள். தூசி அடங்கும், ருசிக்காக இன்னும் கொஞ்சம் தின்னும். நம் வீடுகளில் கழுநீரும் தவிடும் கலந்து வைத்தது இதே காரியத்துக்குத்தான்.

சைலேஜ். இதற்கு இரண்டு பொருள் வேண்டும்: ஈரம், சர்க்கரை. சர்க்கரையை லாக்டிக் அமில பாக்டீரியா புளிக்கவைத்து, அந்தப் புளிப்பில் தீனி ஊறுகாய் மாதிரி கெடாமல் இருப்பதுதான் சைலேஜ். காய்ந்த வைக்கோலில் இரண்டுமே இல்லை. தண்ணீர் ஊற்றி மூடினால் அழுகும். ஏதோ கரைசலைத் தெளித்தால் ஒரு வாரத்தில் வைக்கோல் பசுந்தீவனம் ஆகிவிடும் என்று யாராவது விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள்.

பயிர்க்கழிவில் சைலேஜுக்கு ஏற்றவை வேறு. பேபிகார்ன், இனிப்புச் சோளம் ஒடித்தபின் நிற்கும் பச்சைத் தட்டை முதல் தரம். பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் தானிய மக்காச்சோளம் அதிகம். கதிர் முற்றியும் இலை இன்னும் பச்சையாக இருக்கும்போதே ஒடித்தால் அந்தத் தட்டையும் ஆகும், முழுதாகச் சருகான பிறகு ஆகாது. நறுக்கிய தட்டையைக் கைநிறைய அள்ளி இறுகப் பிடித்து விடுங்கள். தண்ணீர் சொட்டினால் ஈரம் அதிகம், ஒரு நாள் வாடவிட வேண்டும். விட்டதும் உதிர்ந்துவிட்டால் ரொம்பக் காய்ந்துவிட்டது. உருண்டை மெதுவாக விரிந்தால் சரியான பக்குவம். டிரம்மிலோ தடித்த பையிலோ காற்றில்லாமல் இடித்து அடைத்தால் 30 முதல் 45 நாளில் தயார். கொழுந்தாடையையும் இப்படிப் போடலாம். ஆலை ஓடும் மாதங்களில் வயலோரம் மலிந்து கிடக்கிறதே, அதைச் சித்திரை வைகாசிக்கு எடுத்து வைக்க இதுவே வழி. வைக்கோலுக்கு இதில் ஒரு வேலை உண்டு: ரொம்ப ஈரமான பச்சையைச் சைலேஜ் போடும்போது கொஞ்சம் வைக்கோலை நறுக்கிக் கலந்தால் வடியும் சாற்றை அது உறிஞ்சிக்கொள்ளும்.

உங்கள் வயலிலேயே வைக்கோலைவிடப் பல மடங்கு உசத்தியான கழிவு ஒன்று இருக்கிறது, நெல் தரிசு உளுந்து, அதாவது நெல் அறுத்த வயலில் அடுத்து விளையும் உளுந்து. அந்தச் செடியையும் காய்த்தோலான பொட்டையும் களத்திலேயே விட்டுவிடுகிறார்கள் அல்லது சும்மா கொடுத்துவிடுகிறார்கள். பயறு வகைச் செடியில் புரதம் வைக்கோலைப்போல் இரண்டு மூன்று மடங்கு. கடலைக் கொடி அதைவிடவும் நன்று. இவற்றுக்கு யூரியாவும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். இலை உதிராமல் காயவைத்து, மழை படாமல் வைத்தால் போதும், இவற்றின் சத்து இலையில்தான் இருக்கிறது. வைக்கோலும் இதுவும் 3-க்கு 1 என்று கலந்து போட்டாலே வைக்கோல் செரிப்பது மாறும். ஆனால் நனைந்து கருத்த கடலைக் கொடியைப் போடாதீர்கள். பூசண நஞ்சு அதிலும் வரும், பாலிலும் இறங்கும்.

எந்தப் பக்குவமும் வைக்கோலுக்குத் தராதவை மூன்று: சுண்ணாம்பு முதலான தாது உப்புகள், வைட்டமின் ஏ, பச்சைத் தழையில் இருக்கும் நல்ல புரதம். அதனால் தாது உப்புக் கலவை நாளுக்கு 50 கிராம், சாப்பாட்டு உப்பு 30 கிராம் கட்டாயம். வேலியில் அகத்தி, கிளைரிசிடியா, சூபாபுல் இருந்தால் நாளுக்கு மூன்று நான்கு கிலோ தழை போதும். மாடு சினைக்கு வராமல் இழுப்பதற்கும் மாலைக்கண்ணுக்கும் வெறும் வைக்கோல் தீனி ஒரு காரணம். யூரியா, சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகு, தாது உப்பு சேர்த்துக் கெட்டியாக்கிய நக்குக்கட்டிகளும் உண்டு. மூடிவைக்க ஆளில்லாத வீட்டுக்கு அவை நல்ல வழி. வீட்டிலேயே செய்ய நினைத்தால் கழிவுப்பாகு கிடைப்பதுதான் சிக்கல், அது அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள பொருள். எதுவானாலும் யூரியா வைக்கோலும் யூரியா நக்குக்கட்டியும் ஒரே மாட்டுக்கு ஒரே நேரத்தில் கூடாது. வாங்கும் அடர்தீவனத்திலும் யூரியா இருக்கலாம், மூட்டைச் சீட்டைப் படித்துப் பாருங்கள்.

இப்போது உங்கள் நாலு உருப்படிக்கு. 10 லிட்டர்க்காரிக்கு யூரியா வைக்கோலை நம்பாதீர்கள். அவள் வயிற்றில் இடம் குறைவு, தேவை அதிகம். பச்சை 20 கிலோவுக்கு மேல், இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ கணக்கில் அடர்தீவனம், அசைபோட மட்டும் 3, 4 கிலோ சாதா வைக்கோல். 5 லிட்டர்க்காரிக்குப் பாதி சாதா, பாதி யூரியா வைக்கோல் கொடுத்தால் அடர்தீவனத்தில் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம். பால் இறங்கினால் பழையபடி. வற்றுமாட்டுக்கும் கிடாரிக்கும்தான் இது முழுத் தீனி. இன்றைக்கு அந்த இரண்டும் அனேகமாக வெறும் வைக்கோலில்தான் நிற்கும், பால் தராததைக் கவனிக்க யாருக்கும் மனம் வராது. கிடாரி பருவத்துக்கு வருவது தள்ளிப்போவதும், வற்றுமாடு அடுத்த ஈற்றில் பால் குறைவதும் அங்கேதான் தொடங்குகிறது. சினைமாட்டுக்குக் கடைசி இரண்டு மாதம் அடர்தீவனமும் ஒன்றிரண்டு கிலோ சேருங்கள்.

இரண்டுக்கும் தலைக்கு 5 கிலோ வைத்தால் மாதத்துக்கு 300 கிலோ. 12 கிலோ யூரியா, 180 லிட்டர் தண்ணீர், இரண்டு ஆளுக்கு ஒரு காலைப் பொழுது. ஒரு குவியலைத் தின்னும்போது அடுத்தது வெந்துகொண்டிருக்க வேண்டும் என்பதால் இரண்டு இடம் வேண்டும். ஊரில் பரவாததற்குக் காரணமும் இதுதான்: மாதம் தவறாமல் செய்ய வேண்டிய வேலை, பலனோ பால் சொசைட்டிச் சீட்டில் உடனே தெரியாதது. பச்சைப் புல் தாராளமாக உள்ளவருக்கு இது தேவையே இல்லை. புல் இல்லாமல், வைக்கோல் மட்டும் நிறைய இருந்து, வீட்டில் இரண்டு ஆளும் இருப்பவருக்குத்தான் இது. உங்களுக்கு வைக்கோல் இருக்கிறது, கோடையில் புல் இருக்காது. ஆகவே மாசி முதல் ஆனி வரை மட்டும் செய்யுங்கள், வருடம் முழுக்க இழுத்துக்கொள்ள வேண்டாம். குறுவையில் ஈர வைக்கோல் சிக்கினால் அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

முதல் தடவை 5 கட்டு, 5 பூவாளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். திறந்து போட்ட முதல் நாள் கிடாரி முகர்ந்துவிட்டு மூஞ்சியைத் திருப்பிக்கொள்ளும். பயப்படாதீர்கள். சாதா வைக்கோலுக்கு நடுவே இரண்டு கைப்பிடி ஒளித்து வையுங்கள், மேலே ஒரு பிடி தவிடு தூவுங்கள். நாலாம் நாள் அதைத் தேடித் தின்னும்.